முர்னோங் பாத்தி: மெல்பர்ன் களிமண்ணில் ஒரு புல்வெளிச் செடியை வளர்த்த அனுபவம்

மெல்பர்ன் நகரின் மேற்குப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் பின்புற வேலியை ஒட்டி, சுமார் இரண்டு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தை முர்னோங் என்ற மஞ்சள் பூச்செடிக்காக ஒதுக்கினேன். மண்ணைத் திருத்தியது, விதையை முளைக்க வைத்தது, நாற்றை நட்டது, கோடையில் காத்தது, கடைசியில் கிழங்கு தோண்டியது ஆகிய வேலைகளை, இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன். இந்த வேலையில் நான் உறுதியாகக் கண்டுகொண்டது ஒன்று உண்டு. வேலி கட்டிக் கைபடாமல் வைத்திருந்தால் முர்னோங் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். மண்ணைக் கிளறி, பெரிய கிழங்கை எடுத்துக்கொண்டு, சிறியதைத் திரும்பப் புதைத்துவந்தால் தோண்டத் தோண்டப் பெருகும்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முர்னோங் சூரியகாந்திக் குடும்பத்தில் சிக்கரி, டேன்டிலியன் ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவு. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளும் திறந்த மரக்காடுகளும் இதன் இயல்பான இடங்கள். மண்ணுக்கு மேலே நீண்டு ஒடுங்கிய இலைகளின் கொத்து ஒன்று, மண்ணுக்குக் கீழே சதைப்பற்றான வெள்ளைக் கிழங்கு ஒன்று, வசந்தத்தில் இலையில்லாத தண்டின் நுனியில் ஒற்றைப் பூ, இவ்வளவுதான் அதன் உருவம். கோடை (இங்கே டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை) வந்ததும் மேற்பகுதி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். இலையுதிர்கால மழை விழுந்ததும் அதே இடத்தில் மறுபடி துளிர்க்கும். இப்படிப் பல ஆண்டுகள் வாழும் செடி என்றாலும் கிழங்கு பழையதாகவே நீடிப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் பழைய கிழங்கில் உள்ள சத்தைச் செலவழித்துவிட்டுப் புதிய கிழங்கைச் செடி உருவாக்கிக்கொள்கிறது.

செடி வாங்கப் போகிறவர்கள் தாவரவியல் பெயரைக் கவனித்து வாங்க வேண்டும். நெடுங்காலம் இந்த இனத்துக்கு மைக்ரோசெரிஸ் ஸ்கேபிஜெரா, மைக்ரோசெரிஸ் லான்சியோலாட்டா என்ற இரண்டு பெயர்களும் மாறி மாறி வழங்கிவந்தன. மெல்பர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாநிலத்தின் தேசியத் தாவரக் காப்பகத்தைச் சேர்ந்த நெவில் வால்ஷ் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள் விரும்பி உண்ட ஒற்றைக் கிழங்குச் செடிக்கு மைக்ரோசெரிஸ் வால்டெரி என்ற பெயரே உரியது என்று தெளிவுபடுத்தினார். லான்சியோலாட்டா உயர்மலைப் பகுதிக்குரியது. அதன் வேர்கள் கிளைத்துப் பக்கக் கன்றுகளை விடும். ஸ்கேபிஜெராவுக்குப் பல மெல்லிய வேர்கள் உண்டு, அது நியூசிலாந்திலும் வளர்கிறது. மூன்றின் பூவும் ஒன்றுபோலவே தெரிவதால் தொட்டியில் உள்ள செடியை மேலே பார்த்து இனம் பிரிப்பது கடினம். பழைய பெயர்ச்சீட்டுகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே உள்ளூர்த் தாவரங்களை மட்டும் வளர்க்கும் நாற்றங்காலில் விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டு, கிழங்கு எப்படி இருக்கும் என்பதையும் விசாரித்த பிறகே விதையும் சில நாற்றுகளும் வாங்கினேன். காட்டிலிருந்தோ சாலையோரப் புல்வெளியிலிருந்தோ எடுத்துவரும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செடியோ விதையோ எடுப்பது சட்ட மீறல் என்பது ஒருபுறம் இருக்க, எஞ்சி நிற்கும் சின்னஞ்சிறு கூட்டங்களிலிருந்து ஒரு செடியைப் பிடுங்குவதும் அவற்றுக்குப் பேரிழப்பு.

ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு வரலாறே காரணம். மெல்பர்னிலிருந்து மேற்கே நெடுந்தூரம் விரியும் எரிமலைச் சமவெளியில் முர்னோங் ஒரு காலத்தில் அன்றாட உணவாக இருந்தது. வாடவுருங், வுருண்ட்ஜெரி முதலிய முதற்குடி மக்களின் பெண்கள், நெருப்பில் வாட்டிக் கடினமாக்கிய கூர்மையான தோண்டுகோலால் கிழங்கை எடுத்தார்கள். முதற்குடியினரின் தலைமைப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டிருந்த ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன், 1841இல் மேற்கு விக்டோரியாவில் பயணம் செய்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெண்கள் சமவெளியில் பரவி முர்னோங் தோண்டிக்கொண்டிருந்ததையும், ஒவ்வொருவரும் சுமக்க முடிந்த அளவு சுமந்து திரும்பியதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் 1835இல் தாஸ்மேனியாவிலிருந்து கடல் கடந்து செம்மறி ஆடுகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. 1840களில் மத்திய விக்டோரியாவில் ஆட்டுப்பண்ணை நடத்திய எட்வர்ட் கர், கூரான குச்சி ஒன்று இருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கிழங்கை ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடலாம் என்ற அளவுக்கு அது மிகுந்திருந்ததையும், ஆயிரக்கணக்கான ஆடுகள் மூக்காலேயே கிழங்கைக் கிளறித் தின்னப் பழகிக்கொண்டதையும், முதலாம் ஆண்டு அவை பெரும்பாலும் அதைத் தின்றே வாழ்ந்ததையும், அதன் பிறகு கிழங்கு அருகத் தொடங்கியதையும் பதிவு செய்துள்ளார். ஆட்டின் குளம்பு மண்ணை இறுக்கியது, வாய் இலையையும் கிழங்கையும் ஒருசேர எடுத்தது, திரும்பப் புதைப்பதற்கு யாரும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் உணவே இல்லாமற் போனது. சமவெளியின் இயற்கைப் புல்வெளி இன்று மிகச் சிறிய துண்டுகளாகவே எஞ்சியிருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு அதை மிக மோசமான அழிவு நிலையில் உள்ள இயற்கைச் சமூகமாகப் பட்டியலிட்டது.

இனி மண். எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை சிதைந்து உருவான இந்தக் களிமண், நம் கரிசல் மண்ணைப் போலவே ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் பிளக்கும் இயல்புடையது. புதுக் குடியிருப்புகளில் அந்த மண் நேரடியாக வெளியே தெரிவதில்லை. வீடு கட்டியவர்கள் சமப்படுத்திய பிறகு, எங்கிருந்தோ கொண்டுவந்த உரமிட்ட மேல்மண்ணைக் கொட்டிப் புல்தரை விரித்துவிடுகிறார்கள். என் நிலத்தில் அந்த மேல்மண் ஒரு சாண் ஆழம் இருந்தது; அதற்குக் கீழேதான் பழுப்பு நிறக் களியும், நீலக்கல் என்று இங்கே அழைக்கப்படும் பசால்ட் கற்கள் தலையளவிலும் தென்பட்டன.

மேல்மண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நட்டால் என்ன என்று பலரும் கேட்டார்கள். இங்கேதான் உள்ளூர் ஆய்வு ஒன்று எனக்கு வழிகாட்டியது. 2004இல் கிரீனிங் ஆஸ்திரேலியா அமைப்பும் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் இணைந்து தொடங்கிய புல்வெளி மீட்புப் பணியில், பால் கிப்சன்-ராய் குழுவினர், பல்லாண்டு உரம் ஏறிய விளைநிலத்தின் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றிவிட்டு, அடியில் உள்ள சத்துக் குறைந்த மண்ணில் நேரடியாக விதைத்து, பலவகைக் காட்டுப்பூக்கள் கொண்ட புல்வெளியை உருவாக்கிக் காட்டினார்கள். இதன் காரணம் எளிமையானது. பாஸ்பரஸும் நைட்ரஜனும் கூடிய மண்ணில் வெளிநாட்டுக் களைகள் வேகமாக எழும்பி நிழல் கட்டிவிடும். மெதுவாக வளரும் உள்ளூர்ச் செடிகள் அவற்றோடு போட்டியிட முடியாது. மேல்மண்ணை எடுத்துவிட்டால் அந்தக் கூடுதல் சத்தும், மண்ணில் கிடக்கும் களை விதைகளும் ஒருசேரப் போய்விடுகின்றன.

அதே முறையைச் சிறிய அளவில் செய்தேன். புல்தரையை மண்வெட்டியால் சீவி எடுத்து, அதன் கீழ் இருந்த மேல்மண்ணையும் களி தெரியும் வரை அள்ளி, தள்ளுவண்டியில் முன்புறக் கீரைப் பாத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கீரைக்கு அந்த உரமிட்ட மண் நன்றாகவே உதவியது. களியைக் கிளறுவதற்குச் சரியான ஈரம் வேண்டும். நன்றாக நனைந்திருந்தால் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். முற்றிலும் காய்ந்திருந்தால் கடப்பாரையும் இறங்காது. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் அழுத்தும்போது திரியாமல் உதிர்ந்தால் அதுவே தோண்டும் பதம். இலையுதிர்காலத்தின் முதல் நல்ல மழைக்குப் பிறகு அந்தப் பதம் கிடைத்தது. நீலக்கற்களை நெம்பி எடுத்துப் பாத்தியைச் சுற்றிக் கரையாக அடுக்கினேன். அவை பின்னர் நத்தைகளுக்கு மறைவிடமாகவும் ஆகும் என்பதால், கற்களுக்கு அடியில் அவ்வப்போது புரட்டிப் பார்க்கும் வேலையும் அட்டவணையில் சேர்ந்தது.

களிமண் என்றால் உடனே ஜிப்சம் என்ற கனிமத் தூளைப் போட வேண்டும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. சோடியம் மிகுந்த களிக்குத்தான் ஜிப்சம் உதவும். சோதிப்பது எளிது. கண்ணாடிக் குவளையில் மழைநீரை ஊற்றி, பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக இறக்கி, கலக்காமல் சில மணி நேரம் விட வேண்டும். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் நீர் கலங்கினால் சோடியம் அதிகம். கட்டி வெறுமனே உதிர்ந்து அடியில் குவிந்து நீர் தெளிவாக இருந்தால் ஜிப்சத்தால் பயன் இல்லை. என் மண்ணில் நீர் தெளிவாகவே நின்றது. ஆகவே ஜிப்சத்தைத் தவிர்த்து, மேல் இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பருமணலும், ஸ்கோரியா என்ற துளைகள் நிறைந்த எரிமலைக் கல்லின் சன்னமான துண்டுகளும் கலந்து, பாத்தியை நடுவில் சற்று உயர்த்தி இருபுறமும் சரியவிட்டேன். மக்கிய உரம், கோழி எரு, மரப்பட்டை மூடாக்கு எதுவும் சேர்க்கவில்லை. காய்கறித் தோட்டம் போட்டுப் பழகிய கைக்கு எரு போடாமல் இருப்பது கடினம்தான். ஆனால் இந்தச் செடி பழகிய மண் ஏழை மண். அதற்கு வேண்டியது வெயிலும், நீர் வடிவதும், கிழங்கு பருக்க இளகிய இடமும்.

விதைப்பு மார்ச் கடைசியிலிருந்து மே வரை செய்யலாம். வெயில் தணியாமல் விதைத்தால் முளைப்பு வெகுவாகக் குறையும். பகல் இருபது டிகிரியைச் சுற்றி இருக்கும் நாட்களே ஏற்றவை. நல்ல விதையை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். விதை கையில் வரும்போது ஒவ்வொன்றின் நுனியிலும் வெளிறிய இழைக் குஞ்சம் இருக்கும். நகத்தால் விதையை மெல்ல அழுத்தும்போது பருத்து, உறுதியாக, பழுப்பு நிறத்தில் இருந்தால் உள்ளே பருப்பு உண்டு. வெளுத்துத் தட்டையாகி எளிதில் வளைந்தால் அது பதர். ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்துப் பதரை நீக்கிவிட்டால், பின்னால் முளைக்காத இடங்களைப் பார்த்துக் கவலைப்படத் தேவையிருக்காது.

காய்கறிக் கடைகளில் தூக்கி எறியும் பெரிய தெர்மாகோல் பெட்டிகள் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவை. அடியில் துளையிட்டு, இரண்டு பங்கு பருமணலும் ஒரு பங்கு பாஸ்பரஸ் குறைந்த உள்ளூர்ச் செடிகளுக்கான தொட்டி மண்ணும் கலந்து நிரப்பினேன். விதையை மேலே தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மணலைச் சலித்துப் போட்டு, சன்னத் துளையுள்ள பூவாளியால் நனைத்தேன். ஆழப் புதைத்தால் முளை மேலே வரத் திணறும். இரண்டாம் வாரத்திலிருந்து முளைகள் தலைகாட்டின. இந்தக் கட்டத்தில் கண் கூர்மையாக இருக்க வேண்டும், ஏனெனில் முர்னோங் நாற்றின் முதல் இலைகள் மிக ஒடுங்கியவை, சட்டென்று பார்த்தால் புல் முளைத்திருப்பதாகவே தோன்றும். களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாமல் இருக்க, பெட்டியின் ஒரு மூலையில் விதை போடாத வெற்று மண்ணை விட்டிருந்தேன். அந்த மூலையில் முளைத்ததெல்லாம் களை, மற்ற இடத்தில் மட்டும் காணப்பட்டது நாற்று என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவியது.

முளைத்த நாற்றுகளுக்கு முதல் எதிரி நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும்தான். ஒரே இரவில் ஒரு வரிசையை மொட்டையடித்துவிடும். பெட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தி இரும்பு மேசையில் வைத்து, அதன் கால்களைச் சுற்றிச் செப்புப் பட்டை ஒட்டினேன். இருட்டிய பிறகு கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதற்கு நிகரான வழி வேறில்லை. நத்தை மருந்துக் குருணையைப் பயன்படுத்தவில்லை. பாத்திக்கு நீலநாக்குப் பல்லிகள் வருகின்றன, அவை மருந்தைத் தின்ற நத்தையை விழுங்கினால் அவற்றுக்கும் ஆபத்து.

மூன்று, நான்கு உண்மை இலைகள் வந்ததும் ஆழமான குழாய்த் தொட்டிகளுக்கு மாற்றினேன். கிழங்கு மிக இளமையிலேயே உருவாகத் தொடங்குவதால் ஆழமில்லாத தட்டில் நெடுநாள் விட்டால் வேர் வளைந்துவிடும். வளைந்த வேரிலிருந்து வரும் கிழங்கும் முறுக்கிக்கொண்டே வளரும். மாற்றும்போது வேரை விரலால் பிடிக்காமல் இலையைப் பிடித்து, பென்சிலால் குழி செய்து நேராக இறக்க வேண்டும். குளிர்காலத்தின் நடுவில், மண் நன்றாக ஈரமாக இருந்தபோது, பாத்தியில் ஒரு சாண் இடைவெளியில் நட்டேன்.

பாத்தியை நடும்போதே இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு பாதியில் முர்னோங்குக்கு இடையே கங்காரு புல்லை நெருக்கமாக நட்டு, அதன்பின் எந்த வேலையும் செய்யாமல் விட்டேன். மற்றப் பாதியில் புல்லை அகலமாக இடைவெளி விட்டு நட்டு, ஆண்டுதோறும் கிளறித் தோண்டினேன். கங்காரு புல் என்பது தெமெடா ட்ரையாண்ட்ரா. ஆஸ்திரேலியாவில் மட்டுமல்லாமல் ஆப்பிரிக்காவிலும் இந்தியப் புல்வெளிகளிலும் காணப்படும் அதே இனம். இந்தப் புல்லும் முர்னோங்கும் ஒரே நிலத்தைக் காலம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. புல்லின் வளர்ச்சி கோடையில். முர்னோங்கின் வளர்ச்சி குளிர்காலத்திலும் வசந்தத்திலும். கோடையில் புல் நிழல் தந்து கிழங்கு உறங்கும் மண்ணைச் சூட்டிலிருந்து காக்கிறது. குளிர்காலத்தில் புல் செந்நிறமாகி அடங்கியிருக்கும்போது முர்னோங் வெயிலை வாங்கிக்கொள்கிறது. இந்த ஏற்பாடு புல் கொத்துகளுக்கு இடையே வெற்று மண் இருக்கும் வரைதான் நடக்கும். காய்ந்த தாள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து இடைவெளியை மூடிவிட்டால், துளிர்க்கும் இலைக்கொத்து இருட்டில் மாட்டிக்கொள்ளும். விழும் விதைக்கும் மண் கிடைக்காது. முதற்குடி மக்கள் முறையாகத் தீ வைத்துப் புல்லைக் கட்டுப்படுத்தியதற்கும் தோண்டுகோலால் நிலத்தை ஓயாமல் கிளறியதற்கும் உள்ள பயன் இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

என் பாத்தியில் அது அப்படியே நடந்தது. முதல் வசந்தத்தில் இரண்டு பாதிக்கும் வேறுபாடு இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடாத பாதியில் புல் தழைத்து மூடியது. முர்னோங் இலைகள் மெலிந்து வெளுத்தன, பூ குறைந்தது, சில இடங்களில் இலையுதிர்கால மழைக்குப் பிறகு துளிரே வரவில்லை. தோண்டிய பாதியில் செடிகள் தடித்து வளர்ந்ததோடு, தாமாக விழுந்த விதையிலிருந்தும் புதிய நாற்றுகள் எழுந்தன. அங்கே விரலை மண்ணுக்குள் நுழைத்தால் இரண்டாவது கணு வரை தடையின்றி இறங்குகிறது. தொடாத பாதியில் நகம் அளவுக்கு மேல் இறங்குவதில்லை. மெல்பர்னுக்கு வடமேற்கே உள்ள சன்பரிப் பகுதியில் வாழ்ந்த குடியேறி ஐசக் பேட்டி, 19ஆம் நூற்றாண்டில் தாம் பார்த்த ஒரு சரிவில் மண் வரிசை வரிசையான மேடுகளாகக் குவிந்திருந்ததைக் கண்டு, தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு தோண்டியதாலேயே அவை உண்டாகியிருக்க வேண்டும் என்று எழுதினார். அதைத் தற்செயலான தோட்ட வேலை என்று அவர் கருதினார். தற்செயல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறிய கிழங்கை விட்டு வைப்பதும், எந்தப் பருவத்தில் எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரிந்திருப்பதும், எப்போது தீ வைப்பது என்று முடிவு செய்வதும் தேர்ந்த உழவறிவு; அதைச் செய்தவர்கள் தம் நிலத்தை நன்றாக அறிந்தவர்கள்.

புறநகரில் தீ வைக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கோடையின் முடிவில், முர்னோங் மண்ணுக்குள் உறங்கும்போது, புல்லைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய தாளையும் பழைய சருகையும் வாரி முழுவதுமாக வெளியே எடுத்துவிடுகிறேன். அங்கேயே விட்டுவிட்டால் வெட்டியதன் பயன் பாதி போய்விடும். இப்போது தொடாத பாதியையும் இந்த முறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கும் இடைவெளிகள் திறக்கத் தொடங்கியிருக்கின்றன.

பூக்கும் காலம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. இந்தச் செடியை அடையாளம் காணத் தெரியாதவர்கள், பாத்தியில் தானாக முளைக்கும் ஃபிளாட்வீட் என்ற ஐரோப்பியக் களையோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் டேன்டிலியன் போன்ற மஞ்சள் பூதான். மொட்டைப் பார்த்தால் போதும். முர்னோங் மொட்டு விரியும் வரை தண்டின் நுனி கொக்கியாக வளைந்து தலைகவிழ்ந்து நிற்கும். விரியும் நாளன்று காலை தண்டு நிமிர்ந்துவிடும். களையின் மொட்டு எப்போதும் நிமிர்ந்தே இருக்கும், தண்டு கிளைக்கும், இலையில் சுரசுரப்பான மயிர் இருக்கும். முர்னோங் இலையைத் தடவினால் வழவழப்பாக இருக்கும். பூவை அருகில் வைத்துப் பார்த்தால் அது ஒரே பூவாக இல்லாமல் பல சிறு பூக்களின் கூட்டமாக இருப்பது தெரியும். ஒவ்வொரு மஞ்சள் நாவின் நுனியிலும் ஐந்து நுண்ணிய பற்கள் இருக்கும். வெயில் ஏறியதும் திறந்து, பிற்பகலில் மூடிக்கொள்கிறது. அந்தச் சில மணி நேரத்தில் சிறிய உள்ளூர்த் தேனீக்களும் மிதவை ஈக்களும் ஓயாமல் வந்து போகின்றன. தனித்து நின்ற செடிகளைவிடக் கூட்டமாக நின்றவற்றிலேயே பருத்த விதை மிகுதியாகக் கிடைத்தது. ஆகவே இடம் குறைவாக இருந்தாலும் ஒன்றிரண்டு செடியோடு நிறுத்தாமல் ஒரு கும்பலாக நடுவதே நல்லது.

விதை முற்றியதும் குஞ்சங்கள் விரிந்து வெளிறிய உருண்டையாக நிற்கும். காற்றடித்தால் அன்றைக்கே பறந்துவிடும் என்பதால், விரியத் தொடங்கிய தலைகளின் மேல் பழைய மெல்லிய துணிப்பையைக் கட்டிவைத்தேன். சில தலைகளை வேண்டுமென்றே கட்டாமல் விட்டேன், அவற்றின் விதை பாத்தியிலேயே விழட்டும் என்று. சேர்த்த விதையைக் காகித உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

கோடைப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் தண்ணீரை நிறுத்துவதுதான். டிசம்பரில் இலை மஞ்சளாகி மடங்கும்போது செடி வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினால், வெதுவெதுப்பான ஈரக் களியில் கிழங்கு அழுகிவிடும். பாத்தியில் கோடை மழையைத் தவிர வேறு நீர் விடுவதில்லை. தொட்டியில் வளர்ப்பவர்கள் மட்டும் மண் சுண்டிக் கிழங்கு சுருங்காதபடி எப்போதாவது சிறிது நனைத்து, தொட்டியை நிழலுக்கு நகர்த்த வேண்டும். செடி இருந்த இடம் மறந்துபோகாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவைப்பது அவசியம்.

கிழங்கு தோண்டுவதற்கு இலை மஞ்சளாகும் பருவமே சிறந்தது என்பது என் முடிவு. அப்போது கிழங்கு நிறைந்திருக்கும். குளிர்காலத் தொடக்கத்தில், புதிய துளிருக்குச் சத்தைக் கொடுத்துவிட்ட கிழங்கு மெலிந்து கசக்கிறது. தோண்டும் கருவியாக மண்வெட்டி சரிப்படாது, கிழங்கை வெட்டிவிடும். நான்கு பல் கொண்ட ஃபோர்க்கைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இறக்கி, மண்ணை அப்படியே நெம்பித் தளர்த்திய பிறகு, கையால் உடைத்து எடுக்கிறேன். நல்ல கிழங்கு விரல் நீளத்தில், நடுவில் பருத்து அடியில் கூம்பி, மெல்லிய வெளிர்பழுப்புத் தோலோடு வருகிறது. தோலை நகத்தால் சுரண்டினால் உள்ளே தூய வெள்ளை, அதிலிருந்து துளிர்க்கும் பால் விரலில் பிசுபிசுக்கிறது. விரல் தடிப்புள்ளதை எடுத்துக்கொண்டு, அதைவிடச் சிறியதை எல்லாம் துளிர் முனை மேலே இருக்கும்படி இரண்டு விரல் ஆழத்தில் திரும்ப நட்டு, தளர்த்திய மண்ணை மூடுகிறேன்.

பச்சையாகக் கடித்தால் மொறுமொறுப்பாக, இளந்தேங்காயை நினைவூட்டும் மெல்லிய இனிப்பும் சிறிது கசப்பும் கலந்து இருக்கிறது. இதில் சேமிக்கப்படும் சத்து மாவுச்சத்து அன்று, இன்யூலின் வகைச் சர்க்கரைத் தொடர். ஆகவே பச்சையாக நிறையத் தின்றால் வயிறு உப்பும். நெடுநேரம் சூட்டில் இருந்தால் அந்தத் தொடர் உடைந்து இனிப்பு கூடுகிறது. கோரை வகைத் தாளால் பின்னிய கூடையில் கிழங்கைக் கழுவி நிரப்பி, மாலையில் மண் அடுப்பில் வைத்து, விடியலில் உணவுக்கு எடுத்ததை, மேற்கு விக்டோரியாவில் குடியேறி வாழ்ந்த ஜேம்ஸ் டாசன் 1881இல் விரிவாக எழுதியிருக்கிறார். பல குடும்பங்கள் சேர்ந்து சமைக்கும்போது கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடி உயரம் வரை அடுக்கப்பட்டனவாம். நான் மூடியுள்ள கனமான பாத்திரத்தில் சிறிது நீர் தெளித்து, அடுப்பைக் குறைந்த சூட்டில் வைத்து, பல மணி நேரம் விட்டு எடுத்தேன். கிழங்குகள் சுருங்கி மென்மையாகி, பாத்திரத்தின் அடியில் கருந்தேன் நிறச் சாறு தேங்கியிருந்தது. உப்பு, மிளகு எதுவும் வேண்டியிருக்கவில்லை. முதல் அறுவடையை நாங்கள் ஆளுக்கு இரண்டு கிழங்கு வீதம் பகிர்ந்து உண்டோம். மீதி நிலத்துக்கே போனது, அதுதான் முறை.

இந்தச் செடியை மறுபடி மக்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் பெத் காட் முதன்மையானவர். 1983இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் முர்னோங்கை விக்டோரிய முதற்குடிகளின் அடிப்படை உணவாக விரிவாக விளக்கியது. கிளேட்டன் வளாகத்தில் அவர் உருவாக்கிய முதற்குடித் தாவரத் தோட்டத்தில் இன்றும் பல உணவுச் செடிகளைப் பார்க்கலாம். வீட்டில் பாத்தி போடும் முன் அங்கே ஒருமுறை போய் வருவது பயன் தரும். முர்னோங்கைத் தம் நிலங்களில் மீண்டும் வளர்க்கும் முதற்குடிச் சமூகத்தினர் நடத்தும் நாற்றங்கால்களில் வாங்கினால், செடிக்குரிய பணம் அந்த அறிவுக்கு உரியவர்களுக்கே போய்ச் சேரும். என் அடுத்த நாற்றுகளை அங்கேதான் வாங்கப்போகிறேன்.

வரும் இலையுதிர்காலத்தில் வேலியின் மறுமுனை வரை பாத்தியை நீட்ட இருக்கிறேன். மேல்மண்ணைச் சுரண்டும் வேலை பிப்ரவரியில், மண் காய்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். களியைக் கிளறுவது முதல் மழைக்குப் பிறகு. கடந்த பருவத்தில் சேர்த்த விதையை அந்த ஏப்ரலிலேயே விதைத்துவிடுவேன், ஏனெனில் இதன் விதை நெடுநாள் உயிர்ப்போடு இருப்பதில்லை, ஆண்டு கடக்கக் கடக்க முளைப்பு குறைகிறது. என்னிடம் தேவைக்கு மேல் இருக்கும் விதையை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும்போது, காகித உறையின் மேல் சேர்த்த மாதத்தையும் ஆண்டையும் எழுதி, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், எரு போட வேண்டாம், இரண்டாம் ஆண்டிலிருந்து தோண்டத் தயங்க வேண்டாம் என்ற மூன்று குறிப்புகளையும் சேர்த்தே கொடுக்கிறேன்.